பம்பரைப் பிடித்த கை

ராஜபாளையத்தில் கார் ரிப்பேர் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பொண்டாட்டி வந்து பம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்க, காருக்கடியில் படுத்து வேலை பார்க்கிறவர் சுயம்புலிங்கம் ஒருவர்தான்.

அவருக்கு வீட்டு முற்றம்தான் ஒர்க்‌ஷாப். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் துணி காயும் கொடி, நடுவில் யாருடையதாவது அம்பாசடர். காய்கிற சேலையில் கிரீஸ் ஒட்டும், காயப்போட்ட மிளகாயில் நட்டு கிடக்கும். அதையெல்லாம் அந்த வீட்டில் யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பம்பர் விஷயம் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. ஒருநாள் காப்பியில் சீனி இல்லை என்று சொல்வதற்காகச் சுயம்புலிங்கம் காரின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். சொல்லி வாயை மூடவில்லை, பின்னால் ஜாக்கி சரிந்து கார் பொத்தென்று உட்கார்ந்தது. அவர் தலைமாட்டில் நட்டுகளைப் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் தட்டு அப்பளமாகிப்போனது. உயிரைக் காப்பாற்றியது மட்டமான காப்பி என்பதால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் காப்பியைப் பற்றி அவர் குறை சொன்னதே கிடையாது.

அவர் பொண்டாட்டி அழகுத்தாய் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுத்த தடவை அவர் அடியில் போனபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து பம்பரில் கை வைத்து நின்றாள்.

"என்னட்டி?" என்றார் கீழேயிருந்து.

"நீங்க வேலையப் பாருங்க. நான் இங்க நிக்கேன்."

கார் விழுந்தால் அவள் கையால் ஒன்றும் ஆகாது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். காரின் எடை எவ்வளவு, அவள் எடை எவ்வளவு என்று சொன்னார். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் பிடித்ததை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் விளக்கத்தின் பலன். அதோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்லியனுப்பித் தன் அப்பாவிடமிருந்து நாலு மரக்கட்டைகளும் வரவழைத்தாள். அவள் அப்பா சங்கையா, தேர் ஓடும் வருஷமெல்லாம் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிற வகையறா. எம்புட்டுப் பெரிய தேரானாலும் சரியான நேரத்தில் சரியான கட்டை விழுந்தால் நின்றே ஆக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஜாக்கி வெள்ளைக்காரன் சமாச்சாரம், கட்டைதான் நிஜம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அழகுத்தாய் பிறந்தகம் போனால் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு. "மதினி ஊர்ல இருக்காவளா? இல்லன்னா வண்டிய நாளைக்கு விடுதேன்" என்று வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே விசாரித்துவிட்டுப் போனார்கள். லாட்டரிச் சீட்டு கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒருநாள் காலையில் கேட்டைத் திறந்தால், 'பம்பர் பறிசு இங்கே கிடைக்கும்' என்று கரித்துண்டால் எழுதியிருந்தது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்துப்பிழையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் தொந்தரவு கொடுக்காத கை என்று மட்டும் தெரிந்தது.

சுயம்புலிங்கத்துக்குக் கேலி உறைக்கவில்லை. அவருக்கு உறைத்தது வேறு. காருக்கடியில் படுத்திருக்கிறவருக்கு அழகுத்தாயின் முகம் தெரியாது. பாதம் மட்டும்தான் தெரியும். சித்திரை வெயிலில் அந்தப் பாதம் ஒன்று மாற்றி ஒன்று எடுத்து வைப்பது தெரியும். குதிகால் வெடிப்பு வருஷா வருஷம் ஆழமாவது தெரியும். இப்போதெல்லாம் கெண்டைக்கால் இழுக்கும்போது கட்டைவிரல் தரையைக் கவ்விப் பிடிப்பதும் தெரிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. அதைப் பார்த்துக்கொண்டு கியர்பாக்ஸ் மாட்டுவது கஷ்டமாக இருந்தது.

இந்தப் பாதத்தை உட்காரவைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தது எண்பத்தொன்பதில். ஊருக்குச் சொன்னது, தொழிலை விருத்தி பண்ணப்போகிறேன் என்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் மூடிக்கிடந்தது. அங்கே கார் கழுவுவதற்காகப் போட்டிருந்த லிப்ட் குழியோடு துருவேறிக்கொண்டிருந்தது. தரைக்குள் ஒரு பெரிய உருளை, அதற்குள் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் தலையில் காரைத் தாங்கும் இரும்புச் சட்டம். கம்ப்ரசர் காற்று எண்ணெயை அமுக்கும். எண்ணெய் தண்டைத் தூக்கும். தண்டு காரைத் தூக்கும். பட்டறை வெல்டர் காளிராஜும் சுயம்புலிங்கமும் அதைத் தோண்டி எடுத்து, டிராக்டர் டிரெய்லரில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று நினைத்து வழியில் இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

முற்றத்தில் ஒன்றரை ஆள் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டியிருந்தது. தெருவில் எவன் மண்வெட்டியைத் தூக்கினாலும் ஒரே கேள்விதான் வரும் என்கிற தண்ணீர்ப் பஞ்ச காலம். தோண்டத் தோண்ட மதிலுக்கு மேல் தலைகள் முளைத்தன. தண்ணீர் வந்ததா, உப்பா நல்லதா, தெருவுக்கு விடுவீர்களா என்று விசாரணை. இது கிணறு இல்லை, கார் நிற்கிற குழி என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஒளிக்கிறார் என்றே பேசிக்கொண்டார்கள். ஊரில் பல பேர் காசைக் கொட்டி போர் போட்டும் புகை மட்டும் வந்த அந்த வருஷத்தில், வேண்டவே வேண்டாம் என்றிருந்த சுயம்புலிங்கத்துக்கு ஊற்று வந்துவிட்டது. தெரு குடத்தோடு வந்தது. கான்கிரீட் போடுவதற்குக் குழி காய வேண்டுமே என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இறைக்கிற வேலையைத் தெருவே இலவசமாகச் செய்தது. கடைசியில் ஊற்றை அடைத்துக் கான்கிரீட் போட்டபோது அவரைத் திட்டாத பெண்பிள்ளை அந்தத் தெருவில் இல்லை.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஒரே ஒரு தப்பு. கம்ப்ரசர் சத்தம் அழகுத்தாய்க்குத் தலைவலி தரும் என்று அதை வீட்டுக்குப் பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கி அங்கே வைத்தார். ஏற்றுகிற சுவிட்சும் இறக்குகிற வால்வும் அங்கேயே. அங்கிருந்து பார்த்தால் முற்றம் தெரியாது.

முதல் கார் ஏறிய நாளில் பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் காளிராஜ். கார் உருண்டால்தானே நசுங்கும்? அது நேரே மேலே போய்விட்டது. நசுங்காத நாலு பழமும் அன்று சாயங்காலம் சாதமாயின. சுயம்புலிங்கம் காருக்கடியில் நிமிர்ந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அங்கிருந்தபடியே பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகம் நன்றாக இல்லை. அவள் கை தன்னால் பம்பருக்குப் போய், எட்டாமல் திரும்பியது.

"இதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்றாள்.

"எண்ணெய்" என்றார் பெருமையாக.

அவள் குனிந்து தண்டின் அடியைப் பார்த்தாள். "அம்புட்டுக் காரும் எண்ணெய் மேலயா நிக்கி?"

அதற்குப் பிறகு அவர் சொன்ன விஞ்ஞானம் எதுவும் காதில் ஏறவில்லை. எண்ணெய் என்றால் வழுக்கும். இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். முற்றத்திலேயே நின்றாள். பிடிக்க ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு நின்றது முன்பைவிடக் கொடுமையாக இருந்தது. பிறகு சங்கையா ஒரு கயிற்றைக் கொண்டுவந்து உயரத்தை அளந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேங்கைமரத்தில் ஆளுயரத்துக்கு மேலான நாலு தூண்களும் ஒரு சாக்கு நிறைய ஆப்புகளும் பஸ் மேலே ஏறி வந்து இறங்கின.

சுயம்புலிங்கம் மறுத்துவிட்டார். லிப்டும் போட்டு அதற்கு முட்டும் கொடுத்தால் ஊர் எதால் சிரிக்கும் என்று கேட்டார். தூண்கள் வேப்பமரத்தில் சாய்ந்து கிடந்தன. இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

புரட்டாசி வந்தது. பேண்டேஜ் துணி பாக்டரி முதலாளி ஸுந்தரராஜன், சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போக வேண்டும், அதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் காரை உயரத் தூக்கி வேலை ஆரம்பித்தது. அழகுத்தாய் வெறுங்கையோடு நின்றாள். மதியம் அடிப்பக்கத்து வேலை முடிந்து, காரை மேலேயே விட்டுவிட்டு, இறக்கிய பிறகு மாட்ட வேண்டிய ஒரு பாக்கிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார் சுயம்புலிங்கம். அவர் தலை தெருமுனை தாண்டியதும், எதிர்க்கடையில் வெகுநேரமாக டீ குடித்துக்கொண்டிருந்த சங்கையா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது நேரமாகிவிட்டது. குறுக்குச் சந்து வழியாகப் பின்பக்கமாக வந்தவர் நேரே சாய்ப்புக்குள் போய் வால்வைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று இறங்கியது. சட்டம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

லிப்ட் கீழே இருந்தது. கார் மேலே இருந்தது.

நாலு வேங்கைத் தூண்கள், நாலு சக்கரமும் தொங்க, சாவதானமாக ஓர் அம்பாசடரைச் சுமந்துகொண்டிருந்தன. சங்கையா அதற்குள் பஸ் ஏறியிருந்தார். சுயம்புலிங்கம் பின்பக்கம் ஓடி கம்ப்ரசரைத் தட்டினார். கரண்ட் போயிருந்தது. டேங்கில் காற்றும் மிச்சமில்லை.

கரண்ட் இல்லாத சாயங்காலத்தில் தெருவுக்கு வேறென்ன வேலை? மதிலுக்கு மேல் பழைய தலைகளெல்லாம் திரும்ப முளைத்தன. தண்ணீர் தராததற்கு இது கூலி என்றது ஒரு தலை. இன்னொன்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. காளிராஜ் வந்து தூண்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு எதுக்கு லிப்டு?" என்றார்.

பட்டுவேட்டியோடு வந்த ஸுந்தரராஜன் அண்ணாந்து பார்த்தார். கோபப்பட வேண்டியதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"என்னய்யா சுயம்பு, வண்டி எறங்கி வருமா, இல்ல நாம ஏறிப் போகணுமா?"

"கரண்டு வரட்டும் மொதலாளி."

அழகுத்தாய் அடுப்படியிலிருந்து முதலாளிக்குக் காப்பி கொண்டுவந்தாள். அடுப்படியிலிருந்து வாசலுக்கு முற்றத்தைச் சுற்றி வரலாம். அவள் சுற்றவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சட்டத்தைத் தாண்டி, நேரே காருக்கடியில் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். ஓர் ஆப்பு அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். டம்ளரை இடக்கைக்கு மாற்றி, உள்ளங்கையால் அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு. அவள் முகத்தில் இத்தனை வருஷமாகக் காணாத ஒரு நிம்மதி.

"ஏட்டி, வெளிய வா" என்றார் சுயம்புலிங்கம். அவள் அடுத்த ஆப்பையும் தட்டினாள். அதற்கடுத்ததையும். மதிலில் முளைத்த தலைகள், முதலாளி, காப்பி எல்லாம் காத்திருந்தன. சுயம்புலிங்கத்துக்குக் கெண்டைக்கால் இழுத்தது. கட்டைவிரல் தரையைக் கவ்வியது.

தெருவிளக்கு மினுக்கி எரிந்தது. மதிலில் ஒரு ஆரவாரம்.

"அண்ணே, கரண்டு வந்திட்டு" என்றார் காளிராஜ். "போயி கம்ப்ரசரப் போடுங்க. முதல்ல அந்தக் கைய எடுங்க."

எந்தக் கை என்று சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தார். முன்பக்கத் தூணை அவருடைய வலது கை இறுக்கிப் பிடித்திருந்தது. எப்போது போய்ப் பிடித்தது என்று தெரியவில்லை. உள்ளே அழகுத்தாய் கடைசி ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போயிப் போடுலே" என்றார். "நான் இங்க நிக்கேன்."