ஓடி ஓடி நின்ற புல்வெட்டி

என் மகளின் கல்யாண வரவேற்புக்கு முந்தின நாள் காலை, பழைய தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில், எங்கள் சர்ச் வளாகத்தில் நானும் என் மனைவியும் புல் வெட்டும் மெஷின் முன்னால் நின்றிருந்தோம். கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மெஷின் இருமக்கூட இல்லை.

பெங்களூரில் மண்டபம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். மகள்தான் மறுத்தாள். அவள் சைக்கிள் பழகி விழுந்து எழுந்த புல்வெளி இது. வரவேற்பு இங்கேதான் என்று பிடிவாதமாக நின்றாள். நானும் சம்பந்தியிடம், "எடத்தப் பத்தி கவலையே படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு விடாமல் மழை. புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வழக்கமாக வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

முந்தைய மாலை இடம் பார்க்க வந்த பந்தல்காரர் உள்ளே காலே வைக்கவில்லை. "சார், இதுல பாம்பு கீம்பு இருந்தா இன்னா பண்றது? மத்தியானம் வர்றோம். அதுக்குள்ள வெட்டி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

மழைக்கு முன்பு சர்ச் ஷெட்டில் வைத்த மெஷின் அது. பெட்ரோல் டாங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடித்தது. அதை வடித்துவிட்டு, என் பைக்கிலிருந்து பாட்டிலில் பிடித்த பெட்ரோலை ஊற்றினேன். அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து ஈரமாக இருந்தது. மனைவி அதை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். ஏர் ஃபில்டரையும் தட்டிப் போட்டேன். அப்புறம் இழுத்ததும் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

"ஸ்தோத்திரம்!" என்றாள் அவள்.

பாதி வரிசை போவதற்குள் மூச்சு அடங்கியதுபோல் நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்ததோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், ஓடியது. மறுபடியும் பாதி வரிசையில் நின்றது. இப்படியே திரும்பத் திரும்ப. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, எல்லாம் ஆய்த்தா? புல்லு வெட்டியாச்சா?"

"ஆயிட்டே இருக்குமா. நீ மெஹந்திய பாரு" என்று வைத்துவிட்டேன். சம்பந்திக்குப் போன் செய்து வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மெஷினை விட்டுவிட்டு சர்ச் படியில் உட்கார்ந்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? ஒவ்வொரு வாட்டியும் அந்த மூடியத் தொறந்தாதான் மறுபடி ஓடுது."

"பெட்ரோல் பாக்கறதுக்குத்தான் தொறக்கறேன்."

"அது தெரியும். தொறக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. கேட்டுப் பாருங்க."

மறுபடி ஓடவிட்டேன். நின்றதும் சூடு ஆறட்டும் என்று பொறுத்து, மூடியை மெல்லத் திருகினேன். புஸ். அவள் சொன்னது சரி. மூடியைத் திருப்பிப் பார்த்தோம். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் மண். ஷெட்டில் சும்மா கிடந்த காலத்தில் குளவி ஒன்று அங்கே கூடு கட்டப் பார்த்திருக்கிறது. காற்று உள்ளே போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவள் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி மண்ணைக் குத்தி எடுத்தாள். ஊதிப் பார்த்தாள். காற்று மறுபக்கம் வந்தது.

அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை. முதல் வரிசை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து போனேன். பாதி வழியில் நின்ற வேப்பமரத்தைத் தாண்டியதும் பயம் போய்விட்டது. ஈரப்புல்லின் வாசனை மூக்கில் ஏறியது. நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும், அவள் தூரத்திலிருந்து, "இன்னா சிரிப்பு?" என்று கத்தினாள்.

கடைசி வரிசைகள் மிச்சம் இருந்தபோது அவள் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். "குடுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நானும் கொஞ்சம் வெட்டறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, கோணல் மாணலாகத் தள்ளிக்கொண்டு போனாள். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். பாம்பு எதுவும் இல்லை. ஒரு பழைய டென்னிஸ் பந்து மட்டும் வெளிப்பட்டது. திடீரென்று வயிறு இரைந்தது. அந்த வாரம் முழுக்க எதைச் சாப்பிட்டாலும் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. இப்போது அப்படி ஒரு பசி.

"சீக்கிரம் முடி" என்று கத்தினேன், "கடையில இட்லி தீந்துடப் போகுது."