வெள்ளச்சியின் கிண்ணம்

போன வாரம் என் மகளின் தாடையில் சின்னச் சின்னதாகச் சிவந்த பொரிகள் வந்தன. எச்சில் வடிவதால் வருவதுதான், ஈரமில்லாமல் துடைத்து வைத்திருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் போதவில்லை. துணி முரடோ, சோப்போ, கஞ்சிக் கிண்ணமோ, நான் சாப்பிட்ட கத்தரிக்காயோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு, வெந்நீரை ஆற்றி, பஞ்சை நனைத்து, அவள் தாடைக்குக் கீழே வைத்தேன். அவள் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தியின் மடியில் வெள்ளச்சி இப்படித்தான் கழுத்தை நீட்டும்.

வெள்ளச்சி எங்கள் பூனை. அப்போது நாங்கள் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கை எங்களுடனேயே இருந்தாள். அவர்கள் இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. அக்கா வீடுதான் சித்திக்குப் பிறந்த வீடு. டிகிரி முடித்துவிட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். காத்திருந்தது அம்மாதான் என்று சொல்வது இன்னும் சரி.

பெண் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற அன்றெல்லாம் வீட்டில் கேசரி. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோவார்கள். அவர்கள் சொல்லி அனுப்பாததில் எனக்கு வருத்தமே இல்லை. வேறு ஆட்கள் வருவார்கள், மறுபடியும் கேசரி. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் அம்மா, கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டே, “பொண்ணு மொகம் கொஞ்சம் தெளிஞ்சா நல்லாருக்கும்” என்றார். சித்தியின் தாடையில் பருக்கள் இருந்தன. அன்று முதல் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளச்சிக்கும் தாடை கறுத்தது. மிளகுத் தூளைத் தூவிவிட்டதுபோலக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். மீன் சட்டிக்குள் முகத்தை விட்டிருக்கும் என்று துடைத்தோம். போகவில்லை. தெள்ளுப்பூச்சியின் அழுக்கு என்று நினைத்துச் சித்தி சீப்பால் வாரிப் பார்த்தாள். பூச்சி ஒன்றும் இல்லை. பிறகு தன் தாடைக்குப் பூச அரைத்த மஞ்சளிலேயே மிச்சத்தை எடுத்து அதற்கும் பூசிவிட்டாள். வெள்ளச்சி மஞ்சள் தாடியுடன் தெருவைச் சுற்றி வந்தது. எதிர்வீட்டுக்காரர், “என்னம்மா, உங்க பூனைக்கு மஞ்சள் நீராட்டா? எங்களுக்குச் சொல்லவே இல்ல” என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அம்மாவிடம் வெள்ளச்சிக்கும் சேர்த்து ஒரு பிடி உப்பு கேட்டு வாங்கிப்போய்ப் போட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டியிருந்ததாலோ என்னவோ, அம்மன் இரண்டு தாடைகளையும் அப்படியே விட்டுவிட்டாள்.

பூனையின் தாடை வீங்கி, ஒரு பரு உடைந்து லேசாக ரத்தம் கசிந்தபோதுதான் அப்பா கவனித்தார். அம்மா அப்போது நிறைமாதம்.

“இந்தா பாரு, பச்சப்புள்ள வாரதுக்குள்ள இது சரியாகணும். இல்லாட்டி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கொண்டுபோய் விட்ருவேன். அங்க எலி அம்புட்டுக் கெடக்கு, நல்லா பொழச்சுக்கிரும்.”

அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது மாற்றியிருப்பேன். பூனைக்கு வேலை வாங்கித் தருகிறவர்போல நிதானமாகச் சொன்னார். வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் ஓடினேன்.

மறுநாள் சித்தி பூனையை ஒரு கட்டைப்பைக்குள் வைத்து, தலை மட்டும் தெரிய மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஆடும் மாடுமாக நின்றன. ஆட்டைப் பிடித்திருந்த ஒருவர் பைக்குள் எட்டிப்பார்த்தார்.

“ஏம்மா, பூனைக்கெல்லாமா சீட்டு வாங்குறீக?”

“உங்க ஆட்டுக்கு வாங்கல? அதே சீட்டுதேண்ணே.”

டாக்டரம்மா வெள்ளச்சியின் தாடையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். “பருதாம்மா” என்றார்.

“பூனைக்கா?”

“ஏன், நமக்கு வரலையா?”

ஆட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சித்தியின் கை தன் தாடைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“எதுல சோறு வைக்கிறீங்க?”

“ஐஸ்கிரீம் டப்பாலங்க.”

“அதாத்தான் இருக்கும். பிளாஸ்டிக்ல கீறல் விழுந்து எண்ணெயும் அழுக்கும் தங்கிரும். தெனமும் அதுலயே தாடை உரசுதுல்ல? எவர்சில்வர்லயோ பீங்கான்லயோ வைங்க, தின்னு முடிச்சதும் கழுவிருங்க. வெதுவெதுன்னு தண்ணியில துளி உப்பப் போட்டு, பஞ்சால கொஞ்ச நேரம் ஒத்தி வச்சுத் தொடைங்க. மஞ்சள், எலுமிச்சம்பழம் ஒண்ணும் வேணாம், நக்கி முழுங்கிரும். முக்கியமா நோண்டாதீங்க. மறுபடி வீங்குனா கொண்டுவாங்க.” எழுதிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: “பூனைகிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. டப்பாவ மாத்துங்க.”

பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன “டப்பாவ மாத்துங்க” என்பதை மெதுவாகத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சுலபமான வைத்தியம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பூனை வாய் வைத்த பாத்திரம் மறுபடி மனிதர்களுக்கு ஆகாது. சமையலறையில் இருந்த எவர்சில்வர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது, அடியில் பெயர் வெட்டியது. “எதத் தூக்கிக் குடுக்க?” என்று அம்மா கையை விரித்தாள். பீங்கான் என்று இருந்தவை ஷோகேஸில் இருந்த இரண்டு கோப்பைகள். அவற்றில் நாங்களே குடித்ததில்லை.

சித்தி ஸ்டூலைப் போட்டுப் பரண் மேல் ஏறினாள். அங்கே ஒரு சாக்குமூட்டை இருந்தது. சித்தியின் கல்யாணச் சீருக்காக அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் வாங்கிச் சேர்த்த பாத்திரங்கள். அதிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து, கழுவி, மீன் சோற்றைப் போட்டு வெள்ளச்சியின் முன்னால் வைத்தாள்.

“ஏய், கூறு இருக்கா ஒனக்கு? சீர்ப் பாத்திரத்துலயா பூனைக்குச் சோறு வைக்கிற?”

“சும்மாதானக்கா கெடக்கு. அதுவாவது திங்கட்டும்.”

அம்மா திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போனாள். பூனைக்காகச் சித்தி போட்ட சண்டையில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கிண்ணத்தின் அடியில் சித்தியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு விரல் இடம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “இனிஷியல் கல்யாணத்துக்குப் பின்னால வரும்” என்று அம்மா முன்பே சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் சித்தி வாசல்படியில் உட்கார்ந்து பூனையை மடியில் போட்டுக்கொள்வாள். உப்புத் தண்ணீர்ப் பஞ்சைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அது ஊறும்வரை காத்திருப்பாள். பிறகு முடி போகிற போக்கிலேயே துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். நான் பக்கத்தில் கிண்ணியைப் பிடித்திருப்பேன். சில நாள் அதே ஈரக் கையால் என் தாடையையும் தொட்டு, “உனக்கு ஒண்ணும் இல்லையே?” என்பாள். இப்போதும் ஏதாவது என்றால் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சித்தியைக் கேட்கிறேன். பதில் உடனே வந்துவிடும். அந்தக் கை போனில் வராது.

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்தபோது வெள்ளச்சியின் தாடை பழையபடி வெள்ளையாகியிருந்தது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சரி, நீ இங்கனயே கெட” என்று இறக்கிவிட்டார். வீட்டைவிட்டுப் போனது சித்திதான். கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீஸில் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். தம்பிக்குத் தொட்டில் கட்டிய கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. அம்மா வேண்டாம் என்றாள், இன்னும் ஒரே ஒரு இடம் பார்ப்போம் என்றாள். கிளம்புகிற அன்று காலையில் சித்தி மறுபடியும் பரண் ஏறி மூட்டையை அவிழ்த்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க ஒரு குண்டான். அவ்வளவுதான் எடுத்தாள்.

“மிச்சத்த என்னடி பண்ண?” என்றாள் அம்மா.

“கெடக்கட்டும்க்கா. பாப்பாவுக்கு ஆகும்.”

பாப்பா என்றது என்னை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அம்மா மடியில் தம்பியுடன் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். இவ்வளவு காலம் சேர்த்த பாத்திரங்களில் மூன்று குறைகிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய், மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த வெள்ளச்சியின் கிண்ணத்தை எடுத்துவந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“அழாதம்மா. இத சித்தி கேக்கவே இல்ல. இது நம்மகிட்டதான் இருக்கு.”