கருகிய கறிவேப்பிலை

பொய் சொல்லி டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுந்து போவதானால் நீங்கள் இப்போதே போகலாம்.

இன்னும் இருக்கிறீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

கொல்கத்தாவில் மூன்றாம் தலைமுறைத் தமிழன் நான். பவானிபூரில் வீடு, பக்கத்திலேயே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி. கறிவேப்பிலைச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகள்களாக்குவேன். நானோ துகள் என்பார்கள். கழிவுநீரில் போட்டால் செம்பையும் ஈயத்தையும் இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். வங்காளிகள் அதிகம் சீண்டாத இலையால் வங்காளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி மேடைதோறும் சிரிக்கவைத்திருக்கிறேன்... கைத்தட்டல் என்றால் எனக்கு உயிர்.

ஒப்பிட்டுப் பார்க்க வெறும் இலைப்பொடியும் தேவைப்பட்டது. சும்மா காயவைத்து அரைத்தால் போதும். மனைவி வைதேகியிடம் கேட்டேன். விருதுநகர்க்காரி. கறிவேப்பிலையை வறுக்காமல் அரைக்க அவளுக்குக் கை வருமா?

“பச்சையா அரைச்சா வாடை அடிக்கும்ங்க. அதான் இருப்புச் சட்டியில லேசா வறுத்தேன். நடுவுல ஃபோன் வந்துச்சு, கருகிடுச்சு. தின்னவா போறீங்க, தண்ணியில போடத்தானே?” என்றாள்.

என் நானோ பொடியும் கறுப்பு, அவள் பொடியும் கறுப்பு. இரண்டையும் ஒரே மாதிரி ஊறுகாய் பாட்டிலில் வைத்திருந்தேன். புத்திசாலி அல்லவா!

சாந்த்ராகாச்சியில் கோஷ் என்பவர் செம்பு முலாம் பூசும் சின்னப் பட்டறை நடத்துகிறார். ஊர் வழக்கப்படி எனக்கு அவர் கோஷ்தா, அண்ணன் முறை. கழிவுநீரைச் சாக்கடையில் விட்டால் பட்டறையைப் பூட்டிவிடுவோம் என்று அதிகாரிகள் அவரை எச்சரித்திருந்தார்கள். அங்கேதான் என் பேராசிரியர் முன்னிலையில் சோதனை. பொடியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினேன். நீலமாக இருந்த நீர் தெளிந்தது. செம்பு ஏறக்குறைய இல்லை என்றது கருவி. கோஷ்தா என்னைக் கட்டிப்பிடித்து வாயில் சந்தேஷ் இனிப்பை ஊட்டினார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால்... நானோ பாட்டில் மூடி பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது!

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் திரும்பத் திரும்பச் சோதித்தேன். என் பல வருட உழைப்பும் வைதேகி கருக்கிய பொடியும் சரிக்குச் சரி நின்றன. சில தடவை அவள் பொடி ஒரு மயிரிழை முந்தியும் போனது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்தவன் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் கருகிய இலைக்கு யார் டாக்டர் பட்டம் தருவார்கள்? ‘வெறும் இலைப்பொடி குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை’ என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிதான் என் பொய். பட்டம் கிடைத்த அன்று வைதேகி பாயசம் வைத்தாள். வெட்கமில்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நான் இயல்பிலேயே கலகலப்பானவன். குற்றம் குறுகுறுத்தாலும் படுத்ததும் தூங்கிவிடுவேன். கோஷ்தாவின் ஃபோன் வந்தால் மட்டும் நாலைந்து மணி அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன்.

நானோ பொடியைப் பட்டறை அளவுக்குச் செய்ய ஒரு கம்பெனி முன்வர வேண்டும், அனுமதி வேண்டும்... இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஒரு சட்டியும் சந்தையில் மீந்துபோகும் இலையும் போதும் என்று அவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் என் பட்டம் என்னாவது? பார்த்தீர்களா, இப்போதும் அதைத்தான் முதலில் நினைக்கிறேன்.

சென்ற ஞாயிறு அழைத்தார். வங்காள மொழியில் அவர் சொன்னதை நம் தமிழில் தருகிறேன்.

“டாக்டர்பாபு, உங்க பொடி வரட்டும்னு ஒரு சொட்டைக்கூட சாக்கடையில விடலை. எல்லாத்தையும் பீப்பாயில பிடிச்சு வெச்சிருக்கேன். முற்றத்துல இடமில்லை, பாதி வேலையை நிறுத்திட்டேன். வேலைப் பையன்களை ஊருக்கு அனுப்பிட்டேன். பொடி எப்போ வரும்?”

“சீக்கிரம் வந்துடும், கோஷ்தா.”

“நீங்க சொன்னா சரிதான். அப்போ இன்னும் ரெண்டு பீப்பாய் வாங்கிப் போடறேன்,” என்றார் உற்சாகமாக.

நல்லது, வாங்குங்கள் என்றேன்.