யூஜின் அண்ணைக்குச் சிவப்புக் கொடி

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த மருமகள் தர்ஷிகா, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி இது.

"மாமி, குருநகர் நண்டுக் கொம்பனி யூஜின் அங்கிளை உங்களுக்குத் தெரியுந்தானே... ஆள் எப்பிடி? பொய் சொல்லுற ஆளோ?"

யூஜின் அண்ணையை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். சின்னதாகத் தொடங்கி, இன்று நண்டைச் சுத்தம் செய்து பொதி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். குருநகர்ப் பெண்கள் பலருக்கு அங்கேதான் வேலை. அவரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தர்ஷிகா என் அண்ணாவின் மகள். சுன்னாகத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொழும்பில் ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தில் அனலிஸ்ட். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாக்கவும் இல்லை.

பிரைவேட் ஈக்விட்டி என்றால் என்ன? நானும் முதலில் ஏதோ சீட்டுப் பிடிக்கிற தொழில் என்றுதான் சந்தேகப்பட்டேன். பணக்காரர்களின் காசைச் சேர்த்து, பங்குச் சந்தைக்கு வராத கொம்பனிகளில் பங்கு வாங்கி, அதை வளர்த்து, பிறகு நல்ல விலைக்கு விற்பது. கன்றுக்குட்டி வாங்கி மாடாக விற்பது மாதிரி... ஆனால் கோட் சூட் போட்டுக்கொண்டு!

யூஜின் அண்ணையின் கொம்பனியிலும் அவர்களுக்கு ஒரு கண். தர்ஷிகா வீடியோ கோலில் அவரோடு தமிழில் கதைத்திருக்கிறாள். அதை ஏஐ கேட்டு, எழுதி, ஆங்கிலமாக்கி, சுருக்கி ரிப்போட்டாகத் தந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டாள். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

அந்த ரிப்போட்டில் யூஜின் அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கையாக ஒரு சிவப்புக் கொடி. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தர்ஷிகா எனக்குத் தமிழில் சொன்னாள்: 'மனைவியுடன் சேர்ந்து கதை தயாரித்த பிறகே பதில் சொல்வதாக உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார்.'

"அவர் உப்பிடிச் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"எனக்கு அப்பிடிக் கேட்ட ஞாபகம் இல்லை மாமி. ஆனா ஏஐ சும்மா எழுதுமே? நான்தான் கவனிக்காமல் விட்டிட்டன் போல. நேரை போய்ப் பாத்திட்டு வரச் சொல்லி பொஸ் அனுப்பினவர்."

அடுத்த நாள் என் ஸ்கூட்டியில் இருவரும் குருநகருக்குப் போனோம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோப்பாயில் புறப்படும்போது யூஜின் அண்ணை மீது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. குருநகரில் இறங்கும்போது எனக்கும் இருந்தது!

கேற்றைப் பூட்டி வைத்திருந்தார்கள் — ஏன்? எங்களைக் கண்டதும் யூஜின் அண்ணை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார் — யாரோடு கதைக்க? அவருடைய மனைவி பிலோமினா அக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்த மாதிரி... முன்பும் இதே கேற், இதே போன், இதே பிலோமினா அக்காதான். ஒரு கொடியை நட்டுவிட்டால் போதும். பிறகு அந்த மனிதர் தும்மினால்கூட அதிலும் ஏதோ திட்டம் இருக்கிற மாதிரித் தெரிகிறது.

உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் நண்டுச் சதையை வேறாக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் குளிர் காலில் ஏறியது. யூஜின் அண்ணை எல்லாவற்றையும் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு வெறும் காணி. "முதலீடு வந்தா இதிலை இன்னொரு குளிர் அறை போடலாம். இன்னும் கனபேருக்கு வேலை குடுக்கலாம்" என்றார். தர்ஷிகா சிரிக்காமல் தலையாட்டினாள்.

பிறகு ஒஃபிஸ் அறையில் இருந்து கேள்விகளைத் தொடங்கினாள். பொலிஸ்காரர் கேட்கிற மாதிரித்தான் இருந்தது. ஏற்றுமதியை ஏன் ஒரே நாட்டுக்குச் செய்கிறீர்கள்? புது இடத்துக்கு அனுப்பச் சம்மதமா?

யூஜின் அண்ணை தாடையைத் தடவினார்.

"அதை நான் மனுசியோடை கதைச்சுப்போட்டுத்தான் சொல்லுவன் பிள்ளை."

தர்ஷிகாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

கதைச்சுப்போட்டு!

நாங்கள் பிறந்ததிலிருந்து கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவோடு கதைக்கிறோம், போனில் கதைக்கிறோம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிறோம். எங்களுக்குக் கதைப்பதென்றால் பேசுவது. ஏஐக்கு அது கதை கட்டுவது. அது எந்த ஊரில் தமிழ் படித்ததோ!

தர்ஷிகா லாப்டொப்பைத் திறந்து அன்றைய ஒலிப்பதிவைப் போட்டாள். அதே குரல். அதே வசனம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேசாமல் மூடிவைத்துவிட்டு வந்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

"அங்கிள், ஒரு பிழை நடந்துபோச்சு" என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். அவருக்குப் பொய்யர் என்று கொடி குத்தியதையும் சொன்னாள்.

யூஜின் அண்ணை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை.

"பிள்ளை, நீர் அண்டைக்கு என்னோடை நேரை கதைச்சனீர். உமக்குமே விளங்கேல்லை?"

"விளங்கினது அங்கிள்... ஆனா ரிப்போட்டிலை வேறை மாதிரிக் கிடந்தது."

தன் காதால் கேட்டதைவிட மெசின் எழுதியதை அவள் நம்பியிருக்கிறாள். நான்? என் கண்ணால் இத்தனை வருடமாகப் பார்த்த மனிதரைவிட்டு, நான் வாசிக்கக்கூட இல்லாத ஒரு வரியை நம்பியிருக்கிறேன்.

வாசலில் நின்ற பிலோமினா அக்காதான் கேட்டார்.

"அப்ப அது வேறை என்னவெல்லாம் எழுதியிருக்குது? வாசியும் பாப்பம்."

தர்ஷிகா ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சைக் கொடி: 'கொம்பனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை விற்க உரிமையாளர் சம்மதித்துள்ளார்.'

"நான் எப்ப சம்மதிச்சனான்?" யூஜின் அண்ணை எழும்பிவிட்டார்.

பதிவை மறுபடி போட்டோம். தர்ஷிகா பெரும்பங்கைப் பற்றிக் கேட்கிறாள். கொஞ்சம் அமைதி. பிறகு அவர் குரல், நன்றாக இழுத்து: "ஓ...ம். பாப்பம், பாப்பம்."

பிலோமினா அக்கா தலையில் கை வைத்தார். "இந்த மனுசன் உப்பிடி இழுத்து ஓம் எண்டா, அது இல்லை எண்டுதான் பிள்ளை. கலியாணம் கட்டின நாள் துவக்கம் எனக்கு உந்த ஓம் தெரியும்."

அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டிலிருந்து தர்ஷிகா மேலதிகாரிக்குப் போன் எடுத்தாள். இரண்டு பிழைகளையும் சொன்னாள். முதல் பிழைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது. உடனே திருத்தச் சொன்னாராம்.

இரண்டாவதற்குச் சிரிப்பு வரவில்லை. 'அதை இப்போதைக்கு அப்படியே விடு. ஓம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? மிச்சத்தைப் பேச்சுவார்த்தையில் பார்த்துக்கொள்ளலாம்' என்றாராம்.

கவனித்தீர்களா? அடுத்தவரைப் பொய்யராக்கிய பிழை, சிரித்துவிட்டுத் திருத்துகிற பிழை. தங்களுக்கு வசதியான பிழை, பிழையே இல்லை! ஏஐ மீது இருந்த என் சந்தேகம் அந்த நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பியது.

தர்ஷிகா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இதில் தலையிடவில்லை. வேலை அவளுடையது. நான் புத்தி சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குப் பத்தி எழுதப் போய்விடுவேன், திங்கட்கிழமை ஒஃபிசுக்குப் போகிறவள் அவள்தானே?

பிறகு லாப்டொப்பை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். இரண்டு திருத்தங்களையும், இரண்டு ஒலித்துண்டுகளையும் சேர்த்து, தன்னுடைய மேலதிகாரிக்கு மட்டுமல்ல, முதலீட்டைத் தீர்மானிக்கிற குழுவில் உள்ள எல்லோருக்கும் அனுப்பினாள். அனுப்பிய கையோடு, "பசிக்குது மாமி" என்றாள். புட்டை ஒரு பிடி பிடித்தாள்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். பெரும்பங்கு இல்லையென்றால் தங்களுக்கு விருப்பமில்லை என்று நிறுவனம் விலகிக்கொண்டது. யூஜின் அண்ணையின் பின்காணி இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அவருக்கு அதில் கவலை இருக்கிறது. ஆனால் கொம்பனி அவருடைய கையிலேயே இருக்கிறது. தர்ஷிகாவின் வேலை போகவில்லை. நிரந்தரமாக்குவதை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டதற்கு 'வழமையான நடைமுறை' என்றார்களாம். நம்புகிறீர்களா?

போன ஞாயிறு போனில் அவளே சொன்னாள். இப்போது ஒஃபிசில் புது விதியாம். ஏஐ எழுதுகிற ஒவ்வொரு ரிப்போட்டையும் ஒரு மனிதர் சரிபார்த்து, அடியில் தன்னுடைய பெயரைப் போட வேண்டும்.

"நல்ல விசயந்தானே? ஆர் பாக்கிறது?"

"நான்தான் மாமி."

"எல்லாத்தையும் வாசிக்க உனக்கு நேரம் தருவினமோ?"

"நேரம் தரேல்லை மாமி. சரிபாக்கிறதுக்கு இன்னொரு ஏஐ வாங்கித் தந்திருக்கினம்."