முழுக்கைச் சட்டையுடன் திருத்துறைப்பூண்டிக்கு

காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரில் இறங்கியபோதே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. புரட்டாசியில் மணிக்கட்டு வரை மூடிய சுடிதாருடன் நின்றவள் பேருந்து நிலையத்திலேயே நான் ஒருத்திதான். திருத்துறைப்பூண்டி அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்தில் இருபது ரூபாய் டிக்கெட்.

எனக்கு இரண்டு கைகளிலும் வெண்புள்ளி. பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தது, இந்தப் பயணத்தின்போது, என் இருபத்து மூன்று வயதில், முழங்கையைத் தாண்டியிருந்தது. சென்னையில் வெளிநாட்டுக்காரர்களோடு தொலைபேசியில் பேசும் வேலை. குரலுக்குத்தான் சம்பளம் என்பதாலேயே அதைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லூரித் தோழி எஸ்தருக்கு மறுநாள் கல்யாணம். மணப்பெண் தோழியாக நான்தான் தேவாலயத்தில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். அரைக்கை ஜாக்கெட் என்றதும் முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவள் பட்டென்று போனை வைத்தது வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

வடுவூர் ஏரி தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டார்: "காய்ச்சலா பாப்பா? இப்படிப் போத்திக்கிட்டு வர்றியே?"

"வெயில் ஒத்துக்காதுங்க" என்றேன். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பொய்.

பதினோரு மணிக்கு எஸ்தர் வீடு. வாசலில் பந்தல், பின்னால் வயலில் நடவு. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்ததால், மகள் கல்யாணத்துக்காகக்கூட அவள் அப்பா நடவை நிறுத்தவில்லை. நடவாட்களுக்கு டீ கொண்டுபோக ஆளில்லை. தூக்குவாளியை நான் எடுத்துக்கொண்டேன். மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி எஸ்தர் வழிகாட்ட வந்தாள்.

வயலில் பெண்கள் எல்லோரும் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்த செல்வி என்பவள் சிரித்தாள். "பாருங்கடி, மெட்ராஸ் பொண்ணு நடவுக்குன்னே சட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்கு!"

புது ஆள் வரப்பில் வந்தால் நாற்றுமுடி என்கிற நாற்றுக்கட்டைக் காலடியில் வைத்துக் காசு கேட்பது அங்கே வழக்கம். செல்வி என் காலடியிலும் வைத்தாள். என் பர்ஸோ எஸ்தர் வீட்டில்.

"காசு இல்லன்னா எறங்கி இந்த ஒரு முடிய நட்டுட்டுப் போ."

இறங்கினேன். குனிந்ததும் கை சேற்றுக்குள் போனது. "சட்டைக் கைய ஏத்தி வுடு பாப்பா!" என்று நாலு பேர் கத்தினார்கள். எஸ்தரைப் பார்த்தேன். பிறகு முழங்கைக்கு மேலே ஏற்றினேன்.

செல்வி உற்றுப் பார்த்தாள். "ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுங்க."

"அப்ப சரி, நடு."

நட்டேன். நடவில் பின்னால் நகர வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? நான் முன்னால் போய், நட்டதையெல்லாம் நானே மிதித்துக்கொண்டிருந்தேன். வயலே சிரித்தது. "அய்யய்யோ, ஏறும்மா மேல! உன் கூலிய நாங்க தர்றோம்!" எஸ்தர் சிரித்துச் சிரித்து மருதாணியைப் புடவையில் அப்பிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. வரப்பேறிய பிறகும் கைகளை மறைக்கத் தோன்றவில்லை. அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது எஸ்தரிடம் கேட்டேன்: "அந்த ஜாக்கெட் தைக்கவே இல்லையா?"

"பெட்டியில இருக்கு. நீ வேண்டாம்னா நான் விட்டுடுவேனாடி?"

மறுநாள் அரைக்கையோடு அவள் பக்கத்தில் நின்றேன். போட்டோக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கையப் பூச்செண்டுக்குப் பின்னால வச்சுக்கங்க."

"இப்படியே எடுங்க" என்றேன். பூச்செண்டை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் செல்வி தன் வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டினாள்: "நட்டதத் தானே மிதிச்சுதுன்னு சொன்னேன்ல, அது இந்தப் பொண்ணுதான்." சென்னையில் மூன்று வருஷம் இருந்தும் எனக்கு இப்படி ஓர் அடையாளம் கிடைத்ததில்லை.

மாலை தஞ்சாவூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் அரைக்கையோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்தமர்ந்த பெண் என் கையைப் பார்த்தார்.

"கையில என்னம்மா?"

"வெண்புள்ளிங்க. ஒட்டாது."

"சரி, ஜன்னல இன்னும் கொஞ்சம் தொற. எனக்கும் காத்து வரட்டும்."