யார் பக்கத்து ரத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், என் கைகால்களில் நீலநீலமாகக் கன்றிய தடங்கள் வர ஆரம்பித்தன. எங்கேயும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்லுப்பா, அந்தப் பிள்ள அடிக்குதா?" என்று கேட்டாள். அலங்காநல்லூரிலிருந்து வந்த மாமனாரின் சந்தேகம் வேறு. "எனக்குத் தெரியாம மாடு பிடிக்க இறங்கிட்டீகளா மாப்ள?" என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பசுமலையில் கணக்குப் பாடம் நடத்துகிற நான் கன்றுக்குட்டி வந்தாலே ஒதுங்கிப் போகிறவன்.

ஒருநாள் பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. மனைவிதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். தன்மேல் விழுந்த பழியும் தீர வேண்டுமே. அம்மாவும் அப்பாவும் கூடவே வந்தார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளை என் உடம்பே எதிரி என்று நினைத்து அழிக்கிறதாம். டாக்டர் அடுத்துக் குடும்பத்தை விசாரித்தார்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருக்கா? தைராய்டு, வெண்புள்ளி, மூட்டுவாதம்கூட சில சமயம் இதுக்குச் சொந்தம்தான்."

"எங்க பக்கம் ஒண்ணும் கிடையாதுங்க" என்று அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் அதே சண்டை.

மறுநாளே அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்து இறங்கினாள். "எங்க ரத்தம் சுத்தம். வேணும்னா எனக்கு டெஸ்ட் எடுங்க" என்றாள். சொன்னதோடு விடாமல் போய் எடுத்தும் பார்த்தாள். தைராய்டு இருந்தது.

அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். "என்ன விசேஷம்?" என்றதற்கு, "சும்மாதான்" என்றாள். சாப்பிட வந்த தாய்மாமா, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவர், கை கழுவ சட்டையை மடித்தார். முழங்கையில் வெள்ளைத் திட்டு. அப்பா பார்த்துவிட்டார்.

"இது என்ன மாப்ள?"

"சுண்ணாம்பு பட்டுருச்சு அத்தான்."

"எப்ப?"

மாமா யோசித்து, "என் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் இரண்டையும் சொன்னோம். "ஒரு மரபணுவ மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் கொஞ்சங்கொஞ்சம் வந்திருக்கலாம். வந்தாலும் எல்லாருக்கும் நோய் வராது. வெளியிலருந்து ஏதாவது தூண்டிவிடணும்" என்றார். அம்மா மெதுவாகத் திரும்பி என் மனைவியைப் பார்த்தாள்.

"வைரஸ் காய்ச்சல் மாதிரிம்மா" என்றார் டாக்டர் அவசரமாக.

ஸ்டீராய்டு மாத்திரையில் என் முகம் பூசணிக்காய் போல உப்பியது. பார்த்தவர்களெல்லாம் மருமகள் கைப்பக்குவம் என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. பிளேட்லெட்டுகள் மெல்ல ஏறின. மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்கள்.

வருடக்கணக்கில் அசதியாகக் கிடந்து மாமியாரிடம் சோம்பேறிப் பட்டம் வாங்கியிருந்த அத்தை, தைராய்டு மாத்திரையில் தெம்பாகிவிட்டாள். அடுத்த தடவை வந்தபோது நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டைக்குத்தான் டெஸ்ட் எடுத்தேன் மதினி. நல்லதாப் போச்சு" என்றாள். அம்மா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.