சாக்ஸ் காய்ந்த வயர்

புனேயின் பாணேர் பகுதியில் இருக்கும் என் வீட்டு பால்கனியில் கிரைண்டரைப் போட்டதும் சூடான ரப்பர் வாசனை வந்தது. ஹாலிலிருந்து இழுத்திருந்த நீள வயரைத் தொட்டேன், சுட்டது. சின்ன வயதில் இதே ஊரின் கோந்த்வாவில் நாங்கள் இருந்த பழைய வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே சமையலறையில் பிளக் கிடையாது. டேபிள் ஃபேனுக்கு வாங்கிய மெல்லிய வயரை ஹாலிலிருந்து இழுத்து, மிச்சத்தை அப்பா சுருட்டி வைத்திருந்தார். அம்மாவின் பெரிய கிரைண்டர் முனகிக்கொண்டே சுற்றும். வயர்ச் சுருள் கதகதவென்று இருக்கும். வெயிலே வராத புனே மழையில் என் பள்ளிக்கூட சாக்ஸ் அதன்மேல்தான் காய்ந்தது.

காக்கு என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அத்தையை இட்லிக்குக் கூப்பிட்டிருந்த சமயத்தில், மாவு பாதி அரைபடும்போதே கிரைண்டர் நின்றுவிட்டது.

"இந்த வயர்ல ஃபேன் நல்லாத்தானே ஓடுச்சு!" என்றார் அப்பா.

"இவ்ளோ ஒல்லியா, இவ்ளோ நீளமா இருந்தா கரண்ட் வந்து சேர்றதுக்குள்ள களைச்சுப்போயிடாதா? தடிமனா, அளவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா.

இட்லி மெத்தென்று வந்தது. காக்கு இரண்டு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புது வயர் சூடாகவே இல்லை. நான்தான் அந்த மழைக்காலம் முழுக்க ஈர சாக்ஸோடு பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது பிளக்கைப் பிடுங்கினேன். தடித்த வயர் வாங்கப் புறப்படும் முன், இன்னும் ஆறாத வயரின் மேல் மகளின் ஈர சாக்ஸை விரித்துப் போட்டேன்.